குறிவைக்க முடியாத ஆள்

ஆகஸ்ட் 16, செவ்வாய்.

இன்று வகுப்பில் ஒரு சின்னத் தவறு செய்தேன். ஓர் ஆணைக்கு நாலு பேர் பதில் வைத்திருந்தார்கள். சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. நடத்திக் காட்டச் சொன்னதும் அடியில் கிடந்த சீட்டை உருவிவிட்டேன். கடைசியாக வைத்த பதில்தான் முதலில் நடக்கும். மேலிருந்துதான் எடுக்க வேண்டும். தெரிந்த விஷயம்தான். கை தவறிவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னேன். கை தவறவில்லை, அவசரப்பட்டேன். நாளை: வேலைக்குப் போகுமுன் சீட்டுகளை அடுக்கிப் பழக வேண்டும்.

டைரியில் இப்படி எழுதி வைக்கிற ஜெசிந்தா எதையும் இரண்டு தடவை பார்க்கிறவள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். இறால் கம்பெனியில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிற வேலை. அங்கேயும் ஒட்டின லேபிளைத் தடவிப் பார்த்த பிறகுதான் அடுத்த பெட்டியைத் தொடுவாள். "நீ ஒட்டி முடிக்கதுக்குள்ள ஐஸு உருகி இறாலு நீந்திப் போயிரும்ட்டி" என்று பக்கத்தில் நிற்கிற பெண்கள் கேலி செய்வார்கள். அவளுக்குக் கோபம் வராது. அவர்கள் சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றும்.

சாயங்காலம் ஆனால் பதில் வகுப்பு. தூத்துக்குடியில் மூடிப்போன செல்போன் கடை ஒன்றின் மாடியில் நடந்தது. ஆணை முறை வந்த பிறகு ஊருக்கு ஊர் இப்படி வகுப்புகள் முளைத்திருந்தன. முறை என்னவோ சுலபம்தான். அரசாங்கம் எதைச் செய்வதானாலும் முதலில் ஆணையை அறிவிக்க வேண்டும். அது யார்மேல் விழப்போகிறது என்று பெயர் சொல்லிக் குறிக்க வேண்டும். அந்தப் பெயர்தான் இலக்கு. அறிவித்த பிறகு ஒரு மணி நேரம் யாரும் பதில் வைக்கலாம். பதிலுக்குப் பதிலும் வைக்கலாம். நேரம் முடிந்ததும் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக நடக்கும். அடியில் கிடக்கும் ஆணையின் முறை வரும்போது அதன் இலக்கு அகப்படாமல் போயிருந்தால் ஆணை கலைந்துவிடும். கையெழுத்துப் போட அதிகாரி கிடையாது, கெஞ்சிப் பார்க்க ஆளும் கிடையாது. எல்லாம் இயந்திரம்.

வகுப்பு எடுத்தவன் பிரின்ஸ்டன். ஜெசிந்தாவைவிட இரண்டு வயது சின்னவன். டிரேடிங் கார்டு விளையாட்டில் சிங்கப்பூர் வரை போய்த் தோற்று வந்தவன். வகுப்பில் எல்லாரும் அவனை மாஸ்டர் என்று கூப்பிடுவதில் பாதி மரியாதை, பாதி நக்கல்.

"ஏன் மாஸ்டர், நாட்டை ஆளுததுக்கு இவனுங்களுக்குச் சீட்டு வெளையாட்டுதான் கெடச்சுதா?" என்று அன்றைக்கு லாரி ஓட்டுகிற செல்லப்பா கேட்டார்.

"வேற எதுல சண்டை இல்லாம முடியும், சொல்லுங்க அண்ணாச்சி. ஒரே சட்டத்த ரெண்டு வக்கீல் ரெண்டு மாதிரி வாசிப்பான். இந்த வெளையாட்டுல உலகம் பூரா பிள்ளைங்க உக்காந்து மோதி மோதி, இருந்த ஓட்டைய எல்லாம் அடைச்சு வச்சிருக்கான். எது முன்ன, எது பின்ன, யாரு மேல விழும், யாரு மேல விழாது, எல்லாத்துக்கும் விதி இருக்கு. அதான் அப்படியே தூக்கிட்டானுங்க."

"வெளையாட்டுல தோத்தா சீட்டுதானப்பா போவும்."

"அதுக்குத்தான வகுப்புக்கு வந்திருக்கிய. தோக்காம இருக்க."

ஜெசிந்தா வகுப்பில் சேர்ந்ததற்குக் காரணம் அவளுடைய அண்ணன் டெல்வின். உப்பளத்து வெயிலில் பத்து வருடம் நின்றதில் அவனுக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. வாரத்துக்கு மூன்று நாள் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்புவார்கள். மற்ற நாட்களில் அவன் வாசலில் நாற்காலி போட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பான். கடல் இப்போது அவர்களின் தோணிக்காரத் தெருவுக்கு மிக அருகில் வந்திருந்தது. தெருவைக் காலி செய்துவிட்டு அங்கே சுவர் எழுப்பத் திட்டம். வேலைக்குப் போகாதவர்களை முதலில் பிடித்தார்கள். ஒவ்வொருவராகப் பெயர் குறித்து, உள்நாட்டுக் குடியிருப்புக்கு இடமாற்று ஆணை போட்டார்கள். அங்கே தண்ணீர் இருந்தது, தகரக் கூரை இருந்தது. ரத்தம் சுத்தம் செய்கிற இயந்திரம் இல்லை.

டெல்வின் பெயரில் ஆணை வரப்போவதாக முன்னறிவிப்பு வந்தபோது அவன் மனைவி சுகந்திதான் அதை வாசித்தாள். வாசித்துவிட்டு அடுப்பை அணைத்தாள். 

ஒவ்வொரு குடும்பத்துக்கும் வருடத்துக்கு இத்தனை பதில் என்று அளந்துதான் கொடுத்திருந்தார்கள். ஆணையையே ரத்து செய்கிற மறுப்பு அவர்களிடம் ஒன்று இருந்தது. குடிநீர்க் குழாயை வெட்டுகிற ஆணை வந்தபோது அது போய்விட்டது. மிச்சம் இருந்தது மறைப்பு ஒன்றுதான். மறைப்பு வைத்த ஆளை வருடக் கடைசி வரை யாரும் குறிவைக்க முடியாது.

வகுப்பு முடிந்து இறங்கும்போது படியில் வைத்து ஜெசிந்தா பிரின்ஸ்டனிடம் கேட்டாள்.

"மாஸ்டர், பெரிய வீடுகளுக்குக் காப்புன்னு ஒண்ணு குடுக்காங்களே, அதுவும் மறைப்பும் ஒண்ணுதானா?"

"ஒண்ணுதாம்க்கா. ரெண்டுலயும் ஆணை மேல விழாது. அவுகளுக்குத் தங்கச் செம்பு, நமக்குப் பித்தளைச் செம்பு. மோந்தா ரெண்டுலயும் தண்ணிதான் வரும்."

"நல்லாத் தெரியுமா?"

"யக்கா, எத்தனை தடவ கேப்பிய. நம்ம தெருவுல வச்ச மறைப்பு எதாவது பலிக்காமப் போயிருக்கா?"

போனதில்லை. வகுப்பில் படித்த அத்தனை உதாரணங்களையும் அவள் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். வீட்டை இடிக்கிற ஆணை, மின்சாரத்தை நிறுத்துகிற ஆணை, படகைப் பறிக்கிற ஆணை, ஆளைத் தூக்குகிற ஆணை. எல்லாவற்றிலிருந்தும் மறைப்பு காப்பாற்றியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் ஆணை வந்தது. தெருமுனை டீக்கடைக்குப் பக்கத்தில் நின்ற ஆணைக் கம்பம் டெல்வினின் முழுப் பெயரையும் சொல்லிக் குறித்தது. கம்பத்தைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. ஜெசிந்தா உடனே கையை வைக்கவில்லை. முதலிலேயே வைத்துவிட்டால் ஆணை போட்ட துறையின் இயந்திரம் மேலே ஒரு மறுப்பு வைத்து அவள் பதிலை அழித்துவிடும். முதலில் பக்கத்து வீட்டு மிக்கேல் மாமாவைக் கொண்டு உப்புச்சப்பில்லாத ஓர் ஆட்சேபணையை வைக்கச் சொன்னாள். துறை தன்னிடம் இருந்த ஒரே மறுப்பை அதன்மேல் போட்டுத் தீர்த்துவிட்டது. வேறு யாரும் அசையவில்லை. நேரம் முடிகிற சமயத்தில் அவள் பெருவிரலை அழுத்தி மறைப்பை வைத்தாள். அதுதான் கடைசியாக விழுந்தது. ஆகவே அதுதான் முதலில் நடந்தது.

"இலக்கு அகப்படவில்லை. ஆணை கலைந்தது" என்றது கம்பம்.

தெருவே கத்தியது. டீக்கடைக்காரர் எல்லாருக்கும் டீ ஊற்றினார். டெல்வின் நாற்காலியில் இருந்தபடியே, "எட்டி, எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கும்போதே என்னையக் காணாம ஆக்கிட்டியே" என்று சிரித்தான். சுகந்தி ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அன்றைக்கே தெருவார் கூடி, தெருவுக்கென்று இருந்த ஒரே மறுப்பை ஜெசிந்தா விரலில் பதிந்து கொடுத்தார்கள்.

"நான் வேண்டாம் அத்த. நான் எதாவது தப்புப் பண்ணிருவேன்" என்று அவள் பின்வாங்கினாள்.

"தப்புப் பண்ணிருவோம்னு பயப்படுதவதாம்ட்டி வேணும்" என்றாள் பிலோமி அத்தை. "பயமில்லாதவன்கிட்ட குடுத்துத்தான் போன வருசம் கோட்டை விட்டோம். இனி உன் வெரலுக்குத்தான் கம்பம் கேக்கும். நீ அந்த எடத்துல இல்லாமப் போனாத்தான் வேற யாரும் வெரல் வைக்க முடியும்."

மறுநாள் சனிக்கிழமை, டெல்வினுக்கு ஆஸ்பத்திரி நாள். ஜெசிந்தா கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கூடப் போனாள். எப்போதும் அவனுக்கு ஊசி போடுகிற வகிதா சிஸ்டர் அவனைப் படுக்கையில் படுக்க வைத்துவிட்டு இயந்திரத்தில் பெயரைச் சொன்னாள். இயந்திரம் பேசாமல் இருந்தது. மறுபடி சொன்னாள். எண்ணை அடித்துப் பார்த்தாள்.

"பேரு ஏற மாட்டேங்குதே" என்றாள். "என்ன செஞ்சிய?"

"ஒண்ணும் செய்யலியே சிஸ்டர். நேத்து ஒரு மறைப்பு வச்சோம். இடமாற்று ஆணைக்கு."

வகிதா கையில் இருந்த ஊசியைத் தட்டில் வைத்தாள்.

"ஜெசிந்தா, இங்க நாங்க குடுக்க ஒவ்வொரு வைத்தியமும் ஓர் ஆணைதாம்மா. இன்ன ஆளுக்கு இன்ன சிகிச்சைன்னு பேரைக் குறிச்சாத்தான் மெஷின் ஓடும். இவரைத்தான் யாரும் குறிக்க முடியாதே."

"ஆனா நாங்க கெட்டதுக்குத்தான மறைப்பு வச்சோம்."

"நல்லது கெட்டது அதுக்கு எப்படித் தெரியும்? காப்பு வச்சவங்க இங்க வாராங்க. அவங்க வீட்டு ஆளு வந்து அவங்க பேரைக் குறிச்சா மெஷின் ஏத்துக்கிடுது. மத்தவங்களைத்தான் அது தடுக்கும். மறைப்பு அப்படி இல்ல. அண்ணன் தன் பேரைத் தானே சொன்னாலும் ஏறாது."

"வேற ஆள் பேருல போட்டா?"

"ரத்தம் ஒரு சொட்டு போனதுமே ஆள் மாறிருச்சுன்னு நின்னுரும். ஏற்கெனவே செஞ்சு பாத்தவதான் நான்."

டெல்வின் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்ப நான் எந்திரிக்கட்டுமா சிஸ்டர்? அடுத்த ஆளு வெளிய நிக்காரு" என்றான்.

அவனை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஜெசிந்தா நேராக வகுப்பு நடக்கும் மாடிக்குப் போனாள். பிரின்ஸ்டன் தனியாகச் சீட்டுகளை உறையில் போட்டுக்கொண்டிருந்தான். அவள் சொல்லி முடித்ததும் அவன் முகத்தில் இருந்த விளையாட்டு போய்விட்டது. வெகுநேரம் ஒரே சீட்டை உறைக்குள் போடுவதும் எடுப்பதுமாக இருந்தான்.

"வெளையாட்டுல எனக்கு இது தெரியும்க்கா" என்றான் கடைசியில். "காப்புள்ள ஆளுக்கு நம்மளே பலம் ஏத்தலாம். மறைப்புள்ள ஆளுக்கு நம்மளாலயும் ஏத்த முடியாது. முதல் வாரம் வெளையாடுத பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

"பின்ன ஏன் சொல்லல?"

"நெனப்பு வரல. நம்ம தெருவுல எவனுக்காவது நல்ல ஆணை வந்து பாத்திருக்கியளா? எனக்குத் தெரிஞ்சு ஆணைன்னா ஓடி ஒளியணும், அவ்வளவுதான். ஆஸ்பத்திரில குடுக்கதையும் ஆணைன்னு நான் கணக்குல எடுத்ததே இல்ல."

அவளும் எடுத்ததில்லை. அத்தனை தடவை அடுக்கிப் பார்த்தபோதும், அத்தனை உதாரணங்களை ஓட்டிப் பார்த்தபோதும், ஓர் ஆணை அண்ணனுக்கு உயிர் கொடுக்க வருவதாக அவள் ஒரு தடவைகூட அடுக்கிப் பார்க்கவில்லை. வாரத்துக்கு மூன்று தடவை அது வந்துகொண்டுதான் இருந்தது.

"மறைப்பை எடுத்துரலாமா?"

"எடுக்கணும்னா யாரு மேல இருக்க மறைப்புன்னு அவரைக் குறிக்கணும்லா. குறிக்க முடியாதே. வருசக் கடைசில தானா விழும்."

வருடக் கடைசிக்கு மார்ச் வர வேண்டும்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் ஜெசிந்தா போகாத இடமில்லை. ஆணையகத்தின் வாசலில் இருந்த பேசும் பெட்டி, "தாங்கள் குறிப்பிடும் நபர் அகப்படவில்லை" என்று பணிவாகச் சொன்னது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுப் பார்த்தாள். யாருக்கு என்று கேட்டுவிட்டு அது இணைப்பைத் துண்டித்தது. தனியார் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் இருந்த பெண் இரக்கத்தோடு காப்பி வாங்கிக் கொடுத்தாள். அங்கும் அதே இயந்திரம்தான். டெல்வினின் கால்கள் வீங்கின. பிறகு முகம் வீங்கியது. படுத்தால் மூச்சு வாங்கியதால் உட்கார்ந்தபடியே தூங்கினான். உடம்பில் நீர் சேரக் கூடாது என்று, சுகந்தி அவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுப்பதற்குப் பதிலாக நாக்கில் ஈரத்துணி வைத்தாள். ஒரு வார்த்தைகூட ஜெசிந்தாவைக் கடிந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று ஜெசிந்தாவுக்கு இருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் ஆணைக் கம்பத்தில் தெருவுக்கு முன்னறிவிப்பு வந்தது. பிரின்ஸ்டன் தேடிக்கொண்டு வந்து அவளைக் கம்பத்தடிக்குக் கூட்டிப் போனான்.

"ஆள் ஆளாக் குறிச்சா நம்ம பதில் வைக்கோம்லா. அதான் இப்ப யாரையும் குறிக்கல. தோணிக்காரத் தெருவுல இருக்க எல்லாரையும் உள்நாட்டுக்கு ஏத்தணும்னு போட்டிருக்கான். வெள்ளிக்கெழம எட்டு மணிக்கு அறிவிப்பு. இதுல இலக்கே கெடயாது. இலக்கு இல்லாத ஆணைக்கு முன்னால காப்பும் நிக்காது, மறைப்பும் நிக்காது."

"தெரியும். மறுப்பு ஒண்ணுதான் நிக்கும். மறுப்பு ஆளைக் குறிக்காது, ஆணையைக் குறிக்கும்."

"ஆமா. தெரு ஆணைக்கு வீட்டு மறுப்பு செல்லாது, தெரு மறுப்புதான் செல்லும். அது உங்க வெரல்ல இருக்கு. நீங்க வச்சா இந்த வருசம் தெரு தப்பிச்சுச்சு." அவன் குரலைத் தாழ்த்தினான். "ஆனா கீழ வாசிச்சுப் பாருங்க."

அவள் வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள். ஏற்றப்படும் அனைவரும் வழியில் திருநெல்வேலி முகாம் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைக்கப்படுவார்கள். நோயாளிகள் அனைவருக்கும் தேவையான சிகிச்சை அளிக்கப்படும்.

"அனைவருக்கும்" என்றாள்.

"யாருன்னு கேக்காது. பஸ்ஸுல வந்து எறங்குன யாரைப் படுக்க வச்சாலும் மெஷின் ஓடும். அங்க மெஷின் இருக்கான்னு வகிதா சிஸ்டர்கிட்ட கேட்டுட்டேன். இருக்கு."

"மூணு நாள்ல எத்தனை தடவ செய்யலாம்?"

"ரெண்டு."

"அதுக்கப்புறம்?"

பிரின்ஸ்டன் கடலைப் பார்த்தான். "அதுக்கப்புறம் உள்நாட்டுக் குடியிருப்புக்கா. அங்க ஒண்ணும் கெடயாதுன்னு உங்களுக்கே தெரியும். மறைப்பு விழ மார்ச்சு ஆகும்." பிறகு, "நான் இதைச் சொல்லியிருக்கவே கூடாது. தெருவுல எங்க அம்மையும்தான் இருக்கா" என்றான்.

"அப்ப ஏன் சொன்ன?"

"ஒரு தடவ சொல்லாம விட்டுட்டேன்லா."

வியாழக்கிழமை அவள் வேலைக்குப் போய் வந்தாள். பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டினாள். தடவிப் பார்த்தாள். தெருவில் நுழைந்தபோது எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள். மிக்கேல் மாமா வலையைப் பரப்பிப் போட்டுக் கிழிசல்களைப் பொத்திக்கொண்டிருந்தார். இங்கேயே இருக்கப் போகிறவர் செய்கிற வேலை. பிலோமி அத்தை வாசலில் நின்று, "நாளைக்கு எட்டு மணிட்டி, சாப்பிட்டுட்டு வா, வெறும் வயித்தோட நின்னுக்கிட்டு இருக்காத" என்றாள். ஜெசிந்தா தலையை ஆட்டினாள்.

வீட்டில் சுகந்தி பக்கத்து வீட்டுக்கு ஐஸ் வாங்கப் போயிருந்தாள். டெல்வின் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பேச வேண்டுமானால் ஒரு மூச்சு எடுத்து வைத்துக்கொண்டு பேச வேண்டியிருந்தது.

"நாளைக்குத் தெருவுக்கு ஆணையாம்லா."

"ஆமாண்ணே."

"எல்லாரும் வந்து சொல்லிட்டுப் போறாங்க. உன் தங்கச்சி இருக்கா, எங்களுக்கென்னன்னு." அவன் சிரிக்கப் பார்த்தான். "எனக்குப் பெருமையா இருக்கு பிள்ள. நான் போனாலும் இவளுக்கு வீடு இருக்கும். தெருவுல நாலு சனம் இருக்கும்."

"பேசாத. மூச்சு வாங்குது."

"திருநெல்வேலில வச்சு மூணு நாள் வைத்தியம் பாப்பாங்கன்னு மிக்கேல் மாமா வாசிச்சுச் சொன்னாரு."

ஜெசிந்தா அவனைப் பார்க்கவில்லை. ஈரத்துணியைப் பிழிந்து, மடித்து, மறுபடி பிரித்து மடித்தாள்.

"நீ அதை யோசிச்சுக்கிட்டுத்தான இருக்க" என்றான் அவன்.

"இல்லண்ணே."

"வேண்டாம். கேட்டியா? ரெண்டு தடவ ரத்தத்தக் கழுவுததுக்கு ஒரு தெருவையா குடுப்பாங்க." அவன் நிறுத்தி, மூச்சை எடுத்தான். எடுத்த மூச்சு போதவில்லை. இன்னொன்று எடுத்தான். அதுவும் போதாமல் அவன் கை தரையைத் தேடியது, அவள் மணிக்கட்டைப் பிடித்தது. தங்கையின் கையைப் பிடிக்கிற பிடி இல்லை அது, தண்ணீரில் முங்குகிறவன் பிடிக்கிற பிடி. கண் சொன்னது சற்றுமுன் அவன் பேசிய பேச்சு இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மூச்சு திரும்பியதும் வெட்கப்பட்டவன்போல் கையை எடுத்துக்கொண்டு, "மறுப்பை வச்சிரு" என்றான்.

"சரிண்ணே" என்றாள்.

மணிக்கட்டில் அவன் விரல் பதிந்த இடம் சிவந்திருந்தது. சுகந்தி ஐஸோடு வந்து அதைப் பார்த்தாள். பிறகு ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்தாள். ஐஸை உடைக்க உட்கார்ந்தாள்.

ஆகஸ்ட் 25, வியாழன்.

நாளை: எட்டு மணிக்கு அறிவிப்பு. ஏழே முக்காலுக்கே கம்பத்தடிக்குப் போய்விட வேண்டும். நான் அங்கே இல்லாவிட்டால் வேறு யாராவது விரல் வைத்துவிடுவார்கள். பிலோமி அத்தை எப்போது வைக்கப் போகிறாய் என்று கேட்டால், கடைசியில் வைப்பதுதான் நல்லது என்று சொல்ல வேண்டும். ஒன்பது மணி வரை விரலை வைக்கக் கூடாது. பஸ் வந்ததும் அண்ணனை முன் இருக்கையில் உட்கார வைக்க வேண்டும்.